பட்டான் கல்: சவ்வாது மலையடிவார நடுகற்கள் சூழலைச் சொன்ன முறை

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையில் பிறக்கும் செய்யாறு கீழே இறங்கிச் செங்கம் வழியாக ஓடுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னனின் நாடு இதுவே. அந்நூல் செங்கண்மா என்று குறிக்கும் ஊர்தான் செங்கம். பல்குன்றக் கோட்டம் என்ற பழம்பெயருக்கேற்பக் குன்றுகளும் மேய்ச்சல் காடுகளும் நிறைந்த இந்நிலத்தில் ஆடுமாடுகளே செல்வம். மந்தையைக் கவர்வதும் அதை மீட்பதும் இங்கே அடிக்கடி நடந்த சண்டைகள். அவற்றில் இறந்தவர்களுக்கு ஊரார் கல் நட்டார்கள்.

நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் முறையான சடங்காகவே சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி, அதைக் கொண்டுவரத் தொடங்கும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகள் அதில் உண்டு. புறத்திணை மரபில் மந்தை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. செங்கம் வட்டாரத்துக் கற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்ந்தவை. புலியோடும் பன்றியோடும் போராடி இறந்தவர்களுக்கும் தமிழகத்தில் கல் எடுத்திருக்கிறார்கள்.

மிகப் பழைய நடுகற்களில் எழுத்து குறைவு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல் ஒன்று இறந்தவன் பெயரையும் கூடல் ஊரையும் சொல்லி, ‘ஆகோள்’ (மந்தை கவர்தல்) என்ற ஒரே சொல்லில் காரணத்தை முடித்துவிடுகிறது. எப்போது, எப்படி, யாருக்காக என்பவை அதில் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்துப் பல்லவர் காலத்தில் செங்கம் பகுதியில் எழுந்த கற்கள் இக்கேள்விகளுக்கு ஒரு வரிசையில் விடை சொல்கின்றன. காஞ்சியின் அரசர்களுடைய ஆட்சியாண்டு குறிக்கப்பட்டாலும் எழுத்து வட்டெழுத்து. மொழி ஊர்வழக்குத் தமிழ்.

கல்வெட்டு அரசன் பெயரில் தொடங்கும். ‘கோவிசைய மயிந்திர பருமற்கு’ என்றால் மகேந்திரவர்மனுக்கு என்று பொருள். அதையடுத்து எத்தனையாவது ஆண்டு என்பது வரும். ஆண்டு அரசனுக்கு உரியது என்பதை நான்காம் வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. பிறகு அப்பகுதியை ஆண்ட வாணர் போன்ற சிற்றரசரின் பெயர், அவரைச் சேர்ந்த வீரனின் பெயர், ஊர். அதன் பின் நிகழ்ச்சி: ‘தொறுக்கொண்ட ஞான்று’, அதாவது மந்தையைக் கவர்ந்த அன்று. இறுதியில் ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’, அதாவது மந்தையை மீட்டு இறந்தவனின் கல்.

இந்தச் சிறு தொடரில் சூழலைச் சொல்லும் மூன்று வழிகள் உள்ளன. ‘கொண்ட ஞான்று’ என்பது பெயரெச்சமும் காலப்பெயரும் சேர்ந்தது; காலத்தைக் காட்டுகிறது. இன்று ‘கொண்டபோது’ என்று எழுதும் இடத்தில் அன்று ‘ஞான்று’ நின்றது. ‘மீட்டு’ என்பது வினையெச்சம். அவன் சாகுமுன் செய்த செயலைக் காட்டுகிறது. மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் மீட்டுப் பட்டவனுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வடிவத்தில் அடங்கிவிடுகிறது. ‘பட்டான் கல்’ என்பது பட்டவனுடைய கல். உருபு மறைந்த தொகை.

எடத்தனூரில் உள்ள கல் இன்னொரு வழியைக் காட்டுகிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுக்கப்பட்டது அது. அவன் இறந்த சூழலைச் சொல்லும் சொல் ‘எருமைப்புறத்தே’. புறம் என்ற பெயர் அத்துச் சாரியையும் ஏகாரமும் பெற்று, எருமைகளின் பொருட்டு என்ற பொருளில் பின்னொட்டுப் போல நிற்கிறது. அதே கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதை எழுத்து தனியே பதிவு செய்கிறது. நாயின் செயலும் வினையெச்சத்தாலேயே சொல்லப்படுகிறது: கடித்து, காத்து.

இவ்வழிகளுக்கான இலக்கணத்தைத் தொல்காப்பியம் முன்பே வகுத்திருந்தது. ஏழாம் வேற்றுமை செயல் நிகழும் சூழல், நிலம், காலம் ஆகிய மூன்றையும் ஏற்கும். மூன்றாம் வேற்றுமையின் ‘ஒடு’ உடனிருப்பைக் காட்டும். வினையெச்சத்துக்கு ‘செய்து’ என்பதில் தொடங்கி ஒன்பது வாய்பாடுகள் கூறப்பட்டுள்ளன. எல்லாவற்றிலும் உறவைக் காட்டும் உறுப்பு சொல்லின் பின்னாலேயே வருகிறது. ஆங்கிலத்தில் இது தலைகீழ். ‘இன்’, ‘ஆன்’, ‘வித்’ போன்ற சிறு சொற்கள் பெயருக்கு முன்னால் நிற்கும். இடையில் ஓர் அடைமொழியும் சேர்ந்துகொள்ளும். ‘இன் கிரேட் ஹேஸ்ட்’ என்ற தொடரில் முன்னிடைச்சொல், பெயரடை, பெயர் ஆகிய மூன்றும் கூடிச் செயலின் தன்மையைச் சொல்கின்றன. தமிழில் அதற்கு ‘மிக விரைந்து’ என்ற வினையெச்சம் போதும். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், முன்னிடைச்சொல்லுக்குப் பதிலாகப் பின்னொட்டு வருவதைத் திராவிட மொழிகளை வடமொழியிலிருந்து பிரிக்கும் பண்புகளில் ஒன்றாக எண்ணினார்.

நடுகல் எழுத்தில் அடைமொழி மிக அரிது. வீரனை அஞ்சாதவன், மாவீரன், பெரும்புகழோன் என்று கல் பாராட்டுவதில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர், எந்தச் சண்டை, என்ன செய்து இறந்தான் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. பிற்காலச் சோழர் மெய்க்கீர்த்திகளில் அரசன் பெயர் வருமுன் புகழ்த்தொடர்கள் வரிசையாக வந்துவிடும். சூழலைச் சரியாகச் சொன்னாலே வீரனின் பெருமை விளங்கிவிடும் என்பது நடுகல் மரபு. கல்லில் இடம் குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணம். நடுவில் வில்லும் வாளும் ஏந்திய உருவம், உடலில் தைத்த அம்புகள், சிலவற்றில் காலருகே கெண்டியோ மாடுகளோ. மிஞ்சிய இடத்தில்தான் எழுத்து.

சோழர் காலத்தில் இப்பகுதியில் வட்டெழுத்து மறைந்து தமிழெழுத்து நிலைத்தது. ‘ஞான்று’ என்ற சொல் பேச்சு வழக்கிலிருந்து விலகியது. நாளடைவில் கல்லின் வாசகத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனாலும் வழிபாடு நிற்கவில்லை. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கலும் பூசையும் பெறுகின்றன.

தமிழ்நாடு தொல்லியல் துறை இக்கற்களைத் தேடிப் படியெடுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை 1972இல் வெளியிட்டது. பல்லவர் ஆட்சியாண்டுகளையும் வட்டெழுத்தின் வளர்ச்சியையும் ஆராய்வோருக்கு அது முதன்மைச் சான்றாயிற்று. காலமும் இடமும் செயலும் உரைநடையில் எவ்வாறு கோக்கப்பட்டன என்பதை நாள் குறிப்போடு காட்டுவதால், தமிழ்த் தொடரமைப்பின் வரலாற்றுக்கும் அக்கற்கள் உறுதியான ஆதாரமாகின்றன.