கிண்ணமும் சிறுகோலும்

சாப்பிட மறுத்து ஓடும் பிள்ளையும் கிண்ணத்தோடு துரத்தும் பெரியவர்களும் நற்றிணைக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். 110-வது பாட்டு, போதனார் பாடியது. தேன் கலந்த பால் பொற்கிண்ணத்தில் இருக்கிறது. ஒரு கையில் அந்தக் கிண்ணம், இன்னொரு கையில் நுனி மெத்தென்ற ஒரு சிறுகோல். கோலை ஓங்கி, குடி என்கிறார்கள். அந்தச் சிறுபெண்ணோ முத்துப்பரல் போட்ட சிலம்பு ஒலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடுகிறாள். நரைத்த தலைச் செவிலியர் ஓடி ஓடிக் களைத்துப் போகிறார்கள்.

என் அப்பா லால்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டப் போராடும்போதெல்லாம் திண்ணையில் இருந்தபடி இந்தப் பாட்டைச் சொல்வார். பாட்டின் பின்பாதியில் அதே பெண் கல்யாணமாகிப் போகிறாள். கணவன் வீட்டில் வறுமை. அப்பன் வீட்டு வளமான சோற்றை அவள் நினைப்பதுகூட இல்லை; ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். இந்த அறிவும் ஒழுக்கமும் இவளுக்கு எங்கிருந்து வந்தன என்று வளர்த்தவள் வியக்கிறாள். அப்பாவுக்கு அந்த வியப்புதான் பாட்டின் உச்சம். பிற்காலத்தில் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்த எனக்கோ முன்பாதியின் செவிலியர்மேல்தான் மனம் நின்றது. பொன்னும் தேனும் முத்தும் நிறைந்த வீட்டிலும் ஒரு கிண்ணம் பாலுக்கு இவ்வளவு ஓட்டமா!

சங்கப் பாடல்களிலேயே இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று உண்டு. புறநானூறு 188, பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டில் குழந்தை குறுகுறுவென்று நடந்து வருகிறது. சின்னக் கையை நீட்டுகிறது, சோற்றைத் தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. யாரும் அதட்டவில்லை, அப்படிப்பட்ட பிள்ளை இல்லாத வாழ்நாளே பயனற்றது என்கிறான் பாண்டியன். குறளிலும் பிள்ளையின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தைவிட இனிது. மேடையில் இந்த இரண்டையும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வீட்டிலோ பிள்ளை தட்டில் கை வைத்ததும், "சிந்தாதே, நான் ஊட்டுறேன்" என்கிறோம். பாண்டியனின் தட்டு பாட்டில் தங்கிவிட்டது; செவிலியின் கோல் மட்டும் கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது. இது எனக்குத் தீராத வருத்தம்.

பெரியாழ்வாரின் யசோதையும் இந்தக் கவலை தெரிந்தவள். ராத்திரி உண்ணாமலே தூங்கிவிட்டாய், இன்றைக்கு உச்சிப்பொழுதும் ஆகிவிட்டது, எழுந்து வந்து பால் குடியேன் என்று கண்ணனை அழைக்கிறாள். நிலாவை விளையாட வரச் சொல்லிக் கூப்பிடும் பதிகமும் அவரிடம் உண்டு. பிள்ளைத்தமிழிலும் அம்புலிப் பருவம் நிலாவை விளையாடத்தான் அழைக்கிறது. அந்தப் பத்துப் பருவங்களில் சோறூட்டுவதற்கென்று ஒரு பருவம் கிடையாது. ஆனால் வீடுகளில் நிலா வந்ததே சோற்றுக்காகத்தான். இடுப்பில் பிள்ளை, கையில் பருப்புச்சோறு, மொட்டைமாடியிலோ வாசலிலோ நின்று மேலே காட்டுவோம். பிள்ளை அண்ணாந்து வாய் திறந்த நொடியில் ஒரு உருண்டை உள்ளே போய்விடும். நிலா இல்லாத நாளில் காக்காய், அடுத்து அப்பாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய், எதற்கும் மசியாவிட்டால் பூச்சாண்டி.

பூச்சாண்டிக்கும் அடங்காத பிள்ளையை என் அப்பாயி நோயாளி என்றே முடிவு கட்டிவிடுவார். முதலில் திருஷ்டி சுற்றுவார். அதற்கும் கேட்காவிட்டால், "தொக்கம் விழுந்திருக்கு" என்பார். தின்றது ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டதால்தான் சோறு இறங்கவில்லை என்று பொருள். பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கிற ஒரு கிழவி இருந்தார். பிள்ளையை மடியில் மல்லாத்தி, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, ஒரு சிறு குழலை வைத்து உறிஞ்சுவார். வாயிலிருந்து உள்ளங்கையில் துப்பிக் காட்டினால் கறுத்த சோற்றுப்பருக்கையோ முடிச்சுருளோ இருக்கும். தம்பியின் வயிற்றிலிருந்து எடுத்ததாகக் காட்டிய உருண்டையை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். தோலுக்கு மேலே குழல் வைத்து உறிஞ்சி உள்ளே இருப்பதை எடுக்க முடியாது; நிஜமாகவே தொண்டையில் எதுவும் சிக்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைப் பல வீடுகளில் சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் அப்பாயியின் பயத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். அவர் பெற்றதில் சிலதைப் பறிகொடுத்தவர். அந்தக் காலத்தில் அம்மையோ சீதபேதியோ வருமுன் முதலில் தெரிகிற அடையாளங்களில் ஒன்று பிள்ளை சோற்றைத் தள்ளிவிடுவது. சாப்பிடாத பிள்ளை சாகப்போகிற பிள்ளையாக இருந்துவிடலாம் என்ற பயம் அனுபவத்தில் வந்தது. தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் வந்து அந்தச் சாவுகளைக் குறைத்தன. பயம் மட்டும் குறையாமல் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. விசேஷத்துக்கு வரும் ஒவ்வொருவரும், "ஏன் பிள்ளை இளைச்சுப்போச்சு?" என்று தாயைத்தான் கேட்கிறார்கள். அவள் ராத்திரி கிண்ணத்தோடு பிள்ளையை மடக்கிப் பிடிப்பதற்கு அந்தக் கேள்வி போதும்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு, இரண்டு வயதிலிருந்து பால்வாடிக்கு வரும் பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு கிடைத்தது. அந்தத் திட்டத்தில்தான் எனக்கும் வேலை கிடைத்தது. அதன் முதல் நோக்கம் பசி போக்குவது, அதைச் செய்தது. அதோடு நான் எதிர்பாராத ஒன்றையும் பார்த்தேன். "வீட்ல ஒரு வாய் வாங்க மாட்டான் டீச்சர், நீங்கதான் பாத்துக்கணும்" என்று அழாக்குறையாக விட்டுப்போவார்கள். அந்தப் பையன் முதல் வாரம் தட்டின் விளிம்பை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு ஆயாவும் நானும், சுற்றி அத்தனை பிள்ளைகள். அவனுக்கு மட்டும் ஊட்ட எங்களுக்கு நேரம் ஏது? பக்கத்துப் பெண் சாம்பார்ச்சோற்றில் கிடந்த பூசணித்துண்டை எடுத்து மெல்லுவதை அவன் உற்றுப் பார்ப்பான். பிறகு தன் தட்டிலிருக்கும் துண்டை விரலால் அமுக்குவான், முகர்வான், ஒரு ஓரம் கடித்துத் துப்புவான். அடுத்த வாரத்தில் விழுங்கியிருப்பான். 1989-ல் முட்டை வந்தபோதும் இதே கதைதான். மஞ்சள்கருவை முதலில் யார் தின்பது என்பதில்தான் தயக்கம்.

எங்களுக்கு நேரமில்லாமல் அமைந்ததை அமெரிக்காவில் லீயன் பர்ச் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து பார்த்திருக்கிறார். ஒரு காயைப் பிடிக்காத பிள்ளையை, அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அதுவும் தின்னத் தொடங்குகிறது என்று 1980-ல் எழுதினார். புது உணவு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுவைக்கக் கொடுத்தால் விருப்பம் ஏறுகிறது என்பது அவருடைய அடுத்த ஆய்வு.

அவருக்கும் அரை நூற்றாண்டு முன்னால் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் இன்னும் துணிச்சலான காரியம் செய்தார். 1926-ல் கிளீவ்லாந்தில் தொடங்கிப் பிறகு சிகாகோவில் தொடர்ந்தார். பால் மறக்கும் வயதில் இருந்த 15 குழந்தைகள். மொத்தம் 34 வகை உணவு; ஒரு வேளைக்கு அதில் சில, தனித்தனிக் கிண்ணங்களில். உப்புகூடத் தனிக் கிண்ணம். தாதிப்பெண் கையில் கரண்டியோடு பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளை கை நீட்டினால் ஒழிய எதையும் ஊட்டக் கூடாது. எடுத்ததைப் புகழவோ விட்டதைக் கண்டிக்கவோ கூடாது. ஒரு பிள்ளை காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும் தின்னும், ராத்திரி முட்டையும் வாழைப்பழமுமாகத் தின்னும். எலும்பு வளைந்த நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் எண்ணெயும் வைத்தார்கள். நோய் ஆறும்வரை தானாகவே குடித்த அது, ஆறியதும் நிறுத்திவிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் தெரிவும் வேறு வேறு. எல்லாப் பிள்ளையும் நன்றாக வளர்ந்தது.

இதைக் கேட்டு, பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுக்கலாம் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. டேவிஸே அதை மறுத்தார். தந்திரம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்றார்: சர்க்கரையோ வெள்ளை மாவோ அதில் கிடையாது, எதைத் தின்றாலும் சத்துதான். கடைப்பண்டங்களையும் கலந்து வைத்துப் பார்க்க அவருக்கு ஆசை இருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பணம் நின்றுபோய், அது நடக்கவில்லை. நம் பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைப் பார்க்கும்போது அந்த நடக்காத சோதனையை நினைத்துக்கொள்கிறேன். பின்னாளில் எல்லன் சாட்டர் என்ற உணவியலாளர் இந்த வேலையைப் பங்கு பிரித்துச் சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. தின்பதா, எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் பொறுப்பு.

ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இப்போது சிறுகோலின் இடத்தில் செல்போன். பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறது. முதலில் எடையைப் பார்க்கிறேன். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோவுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் ஏறுவது இரண்டரைக் கிலோ போலத்தான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையும். "போன வருஷம் நல்லா தின்னுச்சு டீச்சர்" என்று தாய் அழுவது பெரும்பாலும் இந்த இயல்பான மாற்றத்தைப் பார்த்துத்தான். எடை இறங்கினாலோ, விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலோ, உணவு வகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இரண்டு மூன்றில் வந்து நின்றாலோ டாக்டரிடம் அனுப்புகிறேன்.

மற்றவர்களிடம் பால் டம்ளரை எண்ணச் சொல்வேன். நாளைக்கு நாலு டம்ளர் பாலும் நடுவில் பிஸ்கட்டும் இறங்கிய வயிற்றில் சோற்றுக்கு இடமிருக்காது. தரையில் ஒரு பழைய பாயை விரித்து, வீட்டார் தின்னும்போதே பிள்ளையையும் உட்கார்த்துங்கள். நீங்கள் தின்பதையே காரம் குறைத்து, கைக்கு அடங்கும் அளவில் வையுங்கள். கூடவே அதற்குப் பிடித்த ஒன்று, இட்லியோ தயிர்ச்சோறோ, இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டால் தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளைவரை பாக்கெட் எதுவும் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரையை ஓரமாக ஒதுக்கினால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டு, நாலு நாள் கழித்துக் கொஞ்சமாக மறுபடி வையுங்கள். பத்துப் பதினைந்து முறை வைக்க வேண்டியிருக்கும். மாமியார் கேட்டால் டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.