கல்பாக்கமும் சிறுநிரல்களும்: தகைவுக் கணக்கீட்டு வரலாற்றில் சரிபார்ப்பின் இடம்

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில் 1971-ஆம் ஆண்டு அணு உலை ஆராய்ச்சி மையம் நிறுவப்பெற்றது. 1985-இல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1974-ஆம் ஆண்டுப் பொக்ரான் சோதனைக்குப் பின் அயல்நாட்டு உதவிகள் சுருங்கியமையால், வடிவமைப்புக் கணக்கீடுகளை உள்நாட்டிலேயே செய்யும் தேவை மிகுந்தது. இப்பின்னணியில், தனியொருவர் எழுதிப் படித்தறியத்தக்க சிறுநிரல்களுக்குத் தகைவுக் கணக்கீட்டில் உள்ள இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கலத்தின் சிக்கல்

கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலம் ஏறத்தாழ 12.9 மீட்டர் விட்டமுடையது. சுவரின் தடிப்போ 25 மில்லிமீட்டர் அளவினது. கோழி முட்டையின் விட்டம் ஓட்டின் தடிப்பைப்போல் ஏறத்தாழ 120 மடங்கு. இக்கலத்தில் அது 500 மடங்கிற்கும் மிகுதி. உலையில் திரவச் சோடியம் 397 பாகை செல்சியசில் நுழைந்து 547 பாகையில் வெளியேறுகிறது. சோடியம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால், அதன் வெப்பநிலை மாறும்போது எஃகின் மேற்பரப்பும் உடனே மாறுகிறது. மேற்பரப்பு மட்டும் திடீரென 100 பாகை மாறின், துருப்பிடிக்கா எஃகில் சுமார் 410 மெகாபாஸ்கல் தகைவு தோன்றும் என எளிய வாய்பாடு காட்டுகிறது. அவ்வெப்பநிலையில் எஃகு நிலையாக உருமாறத் தொடங்கும் அளவினும் இது மிகுதி. சுவரைத் தடிப்பாக்கினால் வெப்பத் தகைவு கூடும். மெலிதாக்கினால் நிலநடுக்கத்தில் கலம் நெளியக்கூடும். ஆகவே கணக்கின் பிழை எப்பக்கமும் தீங்கு பயக்கும்.

கருவிகளின் வளர்ச்சி

இத்தகைய சிக்கல்களுக்கு உதவும் வரம்புறு கூறு முறைக்கு 1960-இல் கிளஃப் பெயரிட்டார். பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்து, அவற்றின் சமன்பாடுகளை ஒருங்கே தீர்ப்பதே இம்முறை. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 கணினி நிறுவப்பட்டது. துளையட்டைகள் வழியே கணினியை அணுகிய அக்காலத்தில் ஒவ்வோர் ஓட்டமும் அரிது. அந்நிறுவனப் பேராசிரியர் சி. எஸ். கிருஷ்ணமூர்த்தி 1987-இல் வெளியிட்ட பாடநூல், கோட்பாட்டோடு நிரலாக்கத்தையும் கற்பித்தது. பின்னர் மியூனிக் நகர விமான எந்திர நிறுவனத்தின் பொறியாளர்களான தோண்ட், விட்டிக் இருவரும் உருவாக்கிய கால்குலிக்ஸ் 1998-இல் மூலநிரலோடு யாவருக்கும் கிடைத்தது. பெருநிறுவனக் கணினியில் தொடங்கிய கணக்கு இவ்வாறு தனியாள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

சரிபார்ப்பு

துளையிட்ட அகன்ற தகட்டை ஒருதிசையில் இழுத்தால், துளை விளிம்பில் தகைவு மும்மடங்காகும் என 1898-இல் கிர்ஷ் நிறுவினார். முக்கோணக் கூறுகளால் அமைந்த சிறுநிரல் ஒன்றில் இதனைச் சோதித்தால், பருவலையில் விடை மூன்றினும் குறைவாகவே வரும். வலை நுணுகுந்தோறும் மூன்றை நெருங்கும். பருவலையின் விடையை நம்பியவர் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டவராவார். பெரிய வணிக மென்பொருளுக்கும் இக்குறை பொருந்தும். ஆயினும் அதன் வண்ணப்படம் அதனை மறைத்துவிடக்கூடும். சிறுநிரலில் ஒவ்வொரு வரியையும் படித்துப் பிழையின் தோற்றுவாயைக் காணலாம்.

முடிவுரை

உயர் வெப்பத்தில் நாட்பட நிகழும் மெல்லிழுவை, பற்றவைப்பு இணைப்புகளின் சோர்வு ஆகியவற்றிற்குச் சிறுநிரல் மட்டும் போதாது; வடிவமைப்பு விதித்தொகுப்பும் ஆய்வகச் சோதனையும் இன்றியமையாதன. எனினும் பெருநிரலின் விடையை ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்பவருக்குத் தற்சார்பான இரண்டாம் கணக்கு ஒன்று வேண்டும். அதனை அளிப்பதே சிறுநிரலின் வரலாற்றுப் பயன் எனலாம்.