பிடரியில் ஒரு அடையாளம்: மலிவுப் படங்களும் மூளைச்சலவை என்ற சொல்லும்

எங்கட ஒழுங்கையில் ஒரு அக்கா இருந்தா. வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருத்தரை வேண்டாம் எண்டு சொன்ன நாளில இருந்து சொந்தக்காரர் எல்லாரும் ஒரே கதைதான் கதைச்சினம்: "கம்பஸில ஆரோ பிள்ளையை மூளைச்சலவை செய்துபோட்டாங்கள்." ஏன் பிள்ளை வேண்டாம் எண்டனீ எண்டு அவவிட்டயே கேட்ட ஆள் எனக்குத் தெரிய ஒருத்தரும் இல்லை. நான் அப்ப சாதாரணதரம் படிச்சுக்கொண்டிருந்தன். அந்தச் சொல் எங்க இருந்து வந்தது எண்டு யோசிக்கிற வயதில்லை.

போன செமஸ்டரில் பனிப்போர்க் காலம் பற்றிய ஒரு ஒப்படைக்காக 1950களின் மலிவான விஞ்ஞானப் புனைவுத் திகில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். விடுதி அறையில் லப்டொப்பைச் சுற்றி நாலு பேர். முதல் இரண்டு இரவும் சிரிப்புத்தான். செவ்வாய்க் கிரகத்து வீரனின் பச்சை உடுப்புக்குப் பின்னால் சிப் தெரியுது. வெள்ளிக் கிரகத்தின் பூதம் கவிழ்த்து வைத்த வெள்ளரிக்காய் மாதிரி இருக்குது. மூன்றாம் படத்தில்தான் ஒரு விசயம் உறைத்தது. பூதங்கள் வேறு வேறாக இருந்தாலும் அவை மனிதரைப் பிடிக்கிற இடம் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: பிடரி.

1953இல் வந்த 'இன்வேடர்ஸ் ஃப்ரொம் மார்ஸ்' படத்தில் டேவிட் எண்ட சின்னப் பெடியன் இரவில் எழும்பி, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மணல் கிடங்குக்குள் பறக்கும் தட்டு ஒன்று இறங்குவதைப் பார்க்கிறான். தகப்பன் ரொக்கெட் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். என்ன எண்டு பார்க்கப் போகிறார். திரும்பி வருகிறவர் அதே ஆள்தான், ஆனால் சிரிப்பில்லை, குரலில் ஈரமில்லை. கேள்வி கேட்ட மகனை ஓங்கி அறைகிறார். அப்பதான் பெடியன் அவருடைய பிடரியில் சிவப்பாக ஒரு தழும்பைக் காண்கிறான். பிறகு தாய். பிறகு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. ஆரிட்டப் போய்ச் சொல்வது?

படத்தின் இயக்குநர் வில்லியம் கமரன் மென்சிஸ் அடிப்படையில் ஒரு கலை இயக்குநர். 'கோன் வித் த விண்ட்' படத்தின் காட்சியமைப்பு அவருடையது. இந்தப் படத்தில் அவருக்குக் கிடைத்த காசு கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை கெட்டித்தனமானது. பொலிஸ் நிலையம் எண்டு ஒரு நீண்ட வெள்ளைத் தாழ்வாரம், கதவு, உயரமான மேசை, அவ்வளவுதான். சுவரில் ஒன்றுமில்லை. பொருள் வாங்கக் காசில்லாமல் வெறுமையாக விட்டதா, ஒரு பிள்ளையின் கண்ணுக்குப் பெரியாக்களின் உலகம் அப்படித்தான் தெரியும் எண்டு விட்டதா எண்டு பிரித்துச் சொல்லேலாது. ஜிம்மி ஹன்ட் எண்ட அந்தப் பெடியன் அந்தத் தாழ்வாரத்தில் நிற்கிறதைப் பார்த்தபோது எங்கட அறையிலும் சிரிப்பு நின்றுபோனது.

ஏன் 1953? இதுக்குப் பதில் தேட ஹொலிவூட்டை விட்டுக் கொரியாவுக்குப் போகவேண்டும்.

'மூளைச்சலவை' எண்ட தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் இருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு அது சீன மொழியில் இருந்து வந்தது. அங்கே 'ஷி நாவ்', அதாவது மூளையைக் கழுவுதல். 1950இல் எட்வர்ட் ஹன்டர் எண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் இதை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுப் பிரிவில் வேலை செய்தவர் அவர். அதே ஆண்டில் கொரியப் போர் தொடங்கியது. பிடிபட்ட அமெரிக்க விமானிகள் சிலர் தாங்கள் கிருமிக் குண்டு போட்டதாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார்கள். 1953 ஜூலையில் போர் நிறுத்தம் வந்து கைதிகளைத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில் 21 அமெரிக்கச் சிப்பாய்கள் "நாங்கள் வீட்டை போகமாட்டம், சீனாவுக்குப் போறம்" எண்டு நின்றார்கள். திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காத்தது இந்தியப் படை. அதை மேற்பார்வை செய்த ஆணைக்குழுவுக்குத் தலைமை ஜெனரல் திம்மையா.

வெறும் 21 பேர். ஆனால் அமெரிக்கா முழுக்க ஒரே பதட்டம். உலகத்திலேயே நல்ல நாட்டை விட்டு ஒருத்தன் சுயபுத்தியோடு போவானா? கட்டாயம் அவன்ர மூளைக்குள் ஏதோ செய்திருக்கவேண்டும். மறுபக்கத்தில், அமெரிக்கத் தரப்பு பிடித்து வைத்திருந்த சீனக் கைதிகளில் சுமார் 14,000 பேர் தாயகம் திரும்பாமல் தாய்வானுக்குப் போனார்கள். அதை மூளைச்சலவை எண்டு அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதவில்லை. அது சுதந்திரத்தைத் தெரிவு செய்தது.

இந்த 21 பேரில் ஒருவர் கிளாரன்ஸ் அடம்ஸ். மெம்பிஸ் நகரத்துக் கறுப்பினத்தவர். தான் ஏன் போனார் எண்டு அவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: தன்னுடைய ஊரில் கறுப்பனாக இருந்து தனக்குக் கிடைக்காத படிப்பும் மரியாதையும் அங்கே கிடைக்கும் எண்டு நம்பினார். பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் எண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே 1954இல்தான். அவருடைய முடிவு சரியா பிழையா எண்டது வேறு கதை. மாவோவின் சீனாவில் பிறகு நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அது காரணமுள்ள முடிவு. மூளைச்சலவை எண்ட சொல்லை ஒருதரம் சொல்லிவிட்டால் அந்தக் காரணத்தைக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போகுது. பிடரியில் தழும்பு இருக்கிற ஆளோடு ஆரும் வாதாடுவார்களா?

இனிக் காசுப் பக்கம். இதை வெறும் அரசியல் பயமாக மட்டும் விளக்குகிறவர்கள் தயாரிப்பாளரின் கொப்பியைப் பார்ப்பதில்லை எண்டது என்னுடைய மனக்குறை. 1948இல் பரமவுண்ட் வழக்குத் தீர்ப்பால் பெரிய ஸ்டூடியோக்கள் தங்கட தியேட்டர்களைக் கைவிடவேண்டி வந்தது. ரீவி வீட்டுக்குள் வந்தது. மிச்சமாக நின்ற சனம் இளசுகள்தான், அவர்கள் போன இடம் கார் நிறுத்திப் படம் பார்க்கும் ட்ரைவ்-இன். அங்கே ஒரு ரிக்கற்றுக்கு இரண்டு படம் ஓடவேண்டும். இந்தச் சந்தைக்காகவே ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்கொஃபும் 1954இல் தொடங்கிய கொம்பனி பிறகு 'அமெரிக்கன் இன்டர்நஷனல் பிக்சர்ஸ்' எண்டு பெயர் எடுத்தது. முதலில் தலைப்பு, பிறகு போஸ்டர், கடைசியில்தான் கதை எண்டு அவர்கள் வேலை செய்ததும் உண்டு.

அப்படிப்பட்டவர்களுக்கு, மனிதனின் மூளையைப் பிடிக்கிற பூதத்தைப் போல லாபமான பூதம் வேறு இல்லை. ராட்சதச் சிலந்தி வேணுமெண்டால் செய்யவேண்டும், ஆட்டவேண்டும். ஆட்பட்ட மனிதன் வேணுமெண்டால் நடிகரிடம் "முகத்தில ஒண்டும் காட்டாதேங்கோ" எண்டு சொன்னால் சரி. சோடனை இல்லை, உடுப்பு இல்லை, தந்திரக் காட்சி இல்லை. சுமாரான நடிகரின் மரக்கட்டை முகம்கூட இந்த வகைப் படத்தில் தகுதியாகிவிடும்.

ரொஜர் கோர்மனின் 'இட் கொன்கர்ட் த வேர்ல்ட்' (1956) இதுக்கு நல்ல உதாரணம். வெள்ளியில் இருந்து வந்த ஒரு உயிர் குகைக்குள் ஒளிந்திருந்து வௌவால் மாதிரிச் சின்னப் பிராணிகளை அனுப்புது. அவை பறந்து வந்து பிடரியில் குத்தினால் ஆள் அதன் கையில். பூதத்தைச் செய்தவர் போல் பிளெய்ஸ்டெல். ஈர்ப்பு கூடின கிரகத்து உயிர் கட்டையாகத்தான் இருக்கும் எண்டு கணக்குப் போட்டுக் குள்ளமாகச் செய்தார்களாம். படப்பிடிப்பில் நடிகை பெவர்லி கார்லண்ட் அதுக்குப் பக்கத்தில் போய் நின்று, "உலகத்தைப் பிடிக்க வந்தது நீயா?" எண்டு பகிடி பண்ணினா எண்டும், அதுக்குப் பிறகு கோர்மன் அதை உயரமாக்கச் சொன்னார் எண்டும் ஒரு கதை இருக்கு.

பூதம் பகிடிதான். ஆனால் அந்தப் படத்தில் பகிடி இல்லாத ஒரு பாத்திரம் இருக்கிறார். லீ வான் கிளீஃப் நடிக்கிற விஞ்ஞானி அன்டர்சன். அவருடைய பிடரியில் ஒன்றும் குத்தப்படவில்லை. இந்தப் பூதம் போரையும் பகையையும் ஒழித்து மனிதரைத் திருத்தும் எண்டு நம்பி, தன்ர விருப்பத்திலேயே அதுக்கு உதவி செய்கிறார். அவருடைய நண்பன் போல், பீற்றர் கிரேவ்ஸ் நடிக்கிறார், ஆட்பட்டுப்போன தன் மனைவியைத் தானே சுடுகிறார். ஆட்பட்ட அப்பாவியைக் கொல்லலாம், விரும்பிச் சேர்ந்தவனோடு மணிக்கணக்கில் இருந்து கதைக்கலாம். இந்தப் படத்தைப் பார்த்துமுடித்த பிறகு கனநேரம் எனக்கு மனதில் நின்றது அந்தக் கணக்குத்தான். படத்தில் இருக்கிற ஒரே உண்மையான வாக்குவாதம் அன்டர்சனின் வரவேற்பறையில்தான் நடக்குது.

குகையைப் பற்றியும் ஒரு வரி சொல்லவேண்டும். லொஸ் ஏஞ்சலிசின் புரொன்சன் குகை அது. ஸ்டூடியோக்களுக்குக் கிட்ட இருந்ததால் 'த பிரெயின் ஃப்ரொம் பிளனட் ஏரஸ்' (1957) உட்பட எத்தனையோ படங்களில் அது வருது. 1956இன் 'இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்னாச்சர்ஸ்' படத்தில் காதலர்கள் ஒளிகிறதும் அங்கேதான். அந்தப் படம் இந்தக் கூட்டத்தில் எல்லாரும் புகழ்கிற ஒன்று, ஆகையால் நான் அதிகம் சொல்லவில்லை. அதில் தழும்பே இல்லை, ஆள் முழுசாக மாற்றப்படுகிறார் எண்டது முக்கியம். கொம்யூனிஸ்ட் பயமா, கொம்யூனிஸ்ட் வேட்டையாடிய மக்கார்த்தியின் பயமா எண்டு இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறதே அந்தப் படத்தின் பலம். 'த பிரெயின் ஈற்றர்ஸ்' (1958) அவ்வளவு பாக்கியசாலி இல்லை. பிடரியில் ஏறுகிற ஒட்டுண்ணிகள் தன்னுடைய 1951ஆம் ஆண்டு நாவலான 'த பப்பெற் மாஸ்டர்ஸ்' இல் இருந்து எடுத்தவை எண்டு ரொபேர்ட் ஹைன்லைன் வழக்குப் போட, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொண்டார்கள். பிற்காலத்து ஸ்பொக், லியனார்ட் நிமோய், அதில் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். பெயரைக்கூடப் பிழையாக எழுத்துக்கூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் இருந்து வந்த 'குவாட்டர்மாஸ் 2' (1957) எனக்கு எல்லாத்தையும் விடப் பிடித்தது. 1955இல் பிபிசி தொடராக நைஜல் நீல் எழுதினதை ஹம்மர் நிறுவனத்துக்காக வால் கெஸ்ட் படமாக்கினார். விண்கற்களில் இருந்து வருகிற வாயு ஆளைப் பிடிக்குது, தோலில் அடையாளம் விழுது. ஆனால் பிடிபடுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அதிகாரிகள். செயற்கை உணவு தயாரிக்கிறோம் எண்டு சொல்லி அரசாங்கப் பணத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை எழும்புது, சுற்றி ஆயுதக் காவல். எசெக்சில் இருந்த ஷெல் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்திலேயே படம் பிடித்தார்கள், ஆகவே குழாயும் தாங்கியும் புகையும் நிசம். பக்கத்தில் கட்டின புதுக் குடியிருப்பில் இருக்கிற தொழிலாளிகளின் மூளையை ஒருத்தரும் பிடிக்கவில்லை. நல்ல சம்பளம் வருது, உள்ளே என்ன நடக்குது எண்டு அவர்கள் கேட்பதில்லை. அவ்வளவு போதும். அவர்கள் கடைசியில் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே போகிற காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இந்தப் படங்கள் ட்ரைவ்-இன்களில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நிசமாகவே மூளையைப் பிடிக்கிற வழி தேடிக்கொண்டிருந்த ஒரு இடம் இருந்தது. 1953 ஏப்ரல் 13 அன்று சி.ஐ.ஏ. தலைவர் அலன் டலஸ் எம்.கே.அல்ட்ரா திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். எதிரியிடம் இருக்கிறது எண்டு தாங்கள் நம்பின ஆயுதத்தைத் தாங்களும் செய்யவேண்டுமாம். பல்கலைக்கழகங்கள், வைத்தியசாலைகள், சிறைச்சாலைகள் எண்டு 80க்கு மேற்பட்ட நிறுவனங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. அவற்றில் 44 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும். 1973இல் ஆவணங்களை அழிக்கக் கட்டளை போனது. தப்பிக் கிடந்த கணக்குக் கோப்புகள் வெளியில் வந்த பிறகு 1977இல் செனட் விசாரணை நடந்தது.

இதில் மொன்றியலின் அலன் ஞாபகார்த்த நிலையத்து மருத்துவர் இவன் கமரன் செய்ததை எந்தப் படமும் காட்டவில்லை. மனச்சோர்வு, பதட்டம் எண்டு மருந்தெடுக்கப் போனவர்களை அவர் வாரக்கணக்கில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார், மின்னதிர்ச்சி கொடுத்தார், பதிவு செய்த ஒரே வசனத்தை ஆயிரக்கணக்கான தடவை காதுக்குள் ஓடவிட்டார். பழைய மனதை அழித்துப் புதிது எழுதலாம் எண்ட நினைப்பு. 1957இல் இருந்து சி.ஐ.ஏ. காசும் வந்தது. அழிக்கிறது மட்டும் நடந்தது. சிலருக்குச் சொந்தப் பிள்ளைகளின் முகமும் மறந்துபோனது. 1992இல் கனடா அரசு 77 பேருக்கு ஆளுக்கு 100,000 டொலர் கொடுத்தது.

கொரியாவிலோ சீனாவிலோ அப்படி ஒரு இயந்திரமும் இருக்கவில்லை. 1956இலேயே கோர்னெல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஹிங்கிளும் வூல்ஃபும் அறிக்கை எழுதிவிட்டார்கள்: தூக்கமில்லாமல் வைத்திருப்பது, தனிமை, குளிர், பசி, திரும்பத் திரும்ப விசாரணை. பொலிஸுக்குக் கனகாலமாகத் தெரிந்த வேலைகள். வாக்குமூலம் வாங்க இது போதும். ஒருத்தரின் கொள்கையை மாற்ற இது காணாது.

கிளாரன்ஸ் அடம்ஸ் 1966இல் சீன மனைவியோடும் பிள்ளைகளோடும் அமெரிக்கா திரும்பினார். நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. பிறகு அவர் மெம்பிசிலேயே சீனச் சாப்பாட்டுக் கடை நடத்தினார்.

'இன்வேடர்ஸ் ஃப்ரொம் மார்ஸ்' 78 நிமிடம்தான். பார்க்கிறதெண்டால் அதில இருந்து தொடங்குங்கோ. 1986இல் டோப் ஹூப்பர் அதைத் திரும்ப எடுத்தபோது, அந்தப் பழைய பெடியன் ஜிம்மி ஹன்ட் வளர்ந்த ஆளாகப் பொலிஸ் அதிகாரி வேடத்தில் வருகிறார். மணல் கிடங்கைப் பார்க்க மேட்டில் ஏறிப் போகிறவர் அவர்தான்.