குளத்தூர் வட்டாரக் குளிர்காலம்

குளத்தூர், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி. பாறசாலை, பொழியூர், கொல்லங்கோடு ஆகியவை இவ்வட்டார ஊர்கள். இங்கே குளிர்காலத்தை வெப்பமானி அதிகம் காட்டாது. மழை ஓய்வதும், காற்று திசை மாறுவதும், விடியற்காலைப் பனியுமே அதன் அடையாளங்கள்.

பருவ எல்லை

இந்திய வானிலை ஆய்வுத் துறை சனவரி, பிப்ரவரி மாதங்களைக் குளிர்காலமாகக் கொள்கிறது. மக்கள் வழக்கில் மார்கழியும் தையுமே பனிக்காலம். கொல்லம் ஆண்டில் இவை தனு, மகர மாதங்கள். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் டிசம்பரில் ஓய்கிறது.

குளிர் குறைவதன் காரணம்

நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8.3 பாகை வடக்கே இருப்பதால், டிசம்பர் 21 நண்பகலிலும் சூரியன் சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரமே. ஸ்ரீநகரில் அதே நாளின் பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. 'சில்லை கலான்' என்னும் 40 நாள் கடுங்குளிர் அங்கே அன்றுதான் தொடங்குகிறது.

இடத்துக்கு இடம் வேறுபாடு

பொழியூர்க் கரையில் கடல் இரவின் குளிரைத் தணிக்கிறது. உள்நாட்டுத் தாழ்நிலங்களில், வானம் தெளிந்த இரவுகளில் தரை விரைவாகக் குளிர்ந்து பனி படர்கிறது. கிழக்கே நெய்யாறு பிறக்கும் அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் கணக்கில், உச்சி கடற்கரையைவிட ஏறக்குறைய 12 டிகிரி குளிர்ந்தது.

மலைக்கு அப்பால் நிலைமை வேறு. வடகிழக்குக் காற்றை நேரே எதிர்கொள்ளும் கிழக்குச் சரிவும் தூத்துக்குடிக் கரையும் டிசம்பரிலும் பெருமழை காணக்கூடியவை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது.

கடலும் எச்சரிக்கையும்

தெளிந்த வானமும் இதமான காலையும் கடலின் பாதுகாப்புக்கு உறுதி ஆகா. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரி அருகே புயலாக வலுத்த ஒக்கி, குமரி, திருவனந்தபுரம் கரைகளின் மீனவர் பலரைப் பலிகொண்டது. வங்கக் கடலின் தாழ்வுமண்டலங்கள் டிசம்பரிலும் குமரிக் கடல் பக்கம் வரக்கூடும். ஆகவே பனிக்காலத்திலும் வானிலை எச்சரிக்கை ஒவ்வொரு படகுக்கும் உரிய நேரத்தில் சென்று சேர்வது இக்கரையின் உயிர்த்தேவை.