தைராய்டும் தராசும்: 870 ஆடுகள் சொல்லும் வரலாறு



ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "டீச்சருக்குத் தைராய்டாம், அதான் உடம்பு போட்டுட்டாங்க" என்பார் ஒருவர். "மாத்திரைதான் சாப்பிடுறாங்களே, அப்புறம் ஏன் இறங்கல? வாயைக் கட்டணும்" என்பார் இன்னொருவர். மாத்திரை போட்டால் மெலிய வேண்டும், மெலியவில்லை என்றால் அவர்மேல்தான் குற்றம் என்ற இந்த நினைப்பு நேற்று வந்ததல்ல. அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நோய் அடையாளம் காணப்பட்ட காலம்

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சிறிய சுரப்பி. நம் உடல் எவ்வளவு வேகமாக ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை அதன் ஹார்மோன் கட்டுப்படுத்துகிறது. சுரப்பு குறைந்தால் வளர்சிதை மாற்றம் மெதுவாகிவிடும். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், முகவீக்கம், எடை கூடுதல் எனத் தொல்லைகள் வரிசையாக வரும்.

1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டு விவரித்தார். 1878இல் வில்லியம் ஆர்ட் இந்நோய்க்கு 'மிக்ஸிடிமா' என்று பெயரிட்டார். தோலுக்கு அடியில் சளி போன்ற பொருள் சேர்ந்து ஏற்படும் வீக்கம் என்பதே அதன் பொருள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

1883இல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடோர் கோஹர் இன்னோர் உண்மையை வெளியிட்டார். கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுவதும் அகற்றியபோது, நோயாளிகள் பலர் மந்தமாகி உடல் வீங்கிப் போனார்கள். 1888இல் லண்டன் மருத்துவக் குழு ஒன்று இரண்டையும் இணைத்துப் பார்த்து, காரணம் தைராய்டு செயலிழப்பே என்று அறிக்கை தந்தது.

ஒரு பெண்மணியும் 870 ஆடுகளும்

1891இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், அப்போதுதான் அறுத்த ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்தார். மிக்ஸிடிமாவால் அவதிப்பட்ட 46 வயதுப் பெண்ணுக்கு அதை ஊசியால் செலுத்தினார். சில மாதங்களிலேயே வீக்கம் வடிந்தது, பேச்சும் நடையும் சுறுசுறுப்பாயின. அடுத்த ஆண்டே சுரப்பியை வாய்வழி கொடுத்தாலும் பலன் உண்டு என்று பிற மருத்துவர்கள் காட்டினர். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் 74ஆம் வயதில் காலமானார். அவரை வாழவைக்க 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டதாக மர்ரி எழுதினார்.

உலகம் செய்த தவறு

1895இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் மாக்னஸ்-லெவி, தைராய்டு கொடுத்தால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு கூடுகிறது என்று அளந்து காட்டினார். அருமையான கண்டுபிடிப்பு! ஆனால், சிலர் எடுத்த முடிவு வேறு. "நோயாளி மெலிந்தார், ஆற்றல் செலவும் கூடுகிறது. அப்படியென்றால் பருமனாக உள்ள எல்லாருக்கும் கொடுக்கலாமே!"

இங்கேதான் ஆர்ட் வைத்த பெயர் உதவுகிறது. நோயாளி இழந்ததில் பெரும்பகுதி கொழுப்பு அன்று, தேங்கிக் கிடந்த நீர். மேலும், சுரப்பி நன்றாக இருப்பவருக்கு வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால், அவருடைய சொந்தச் சுரப்பி அந்த அளவுக்குத் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வழக்கமான அளவில் எடை குறையாது. அளவைக் கூட்டினாலோ தசை கரையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு பலவீனமாகும்.

நீதிமன்றம் ஏறிய மாத்திரை

அமெரிக்காவில் 'மார்மோலா' என்ற பெயரில், உலர்ந்த தைராய்டு கலந்த மெலிவு மாத்திரை விற்கப்பட்டது. அரசின் வணிக ஆணையம் அந்த விளம்பரத்தைத் தடுக்கப் பார்த்தது. 1931இல் உச்ச நீதிமன்றம், போட்டி நிறுவனங்களுக்குப் பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை என்று கூறி ஆணையத்தின் கையைக் கட்டிப்போட்டது. வாங்கிச் சாப்பிட்டவர்களின் உடல்நலம் அங்கே கணக்கில் வரவில்லை, பார்த்தீர்களா? 1938இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, மக்களை ஏமாற்றும் விளம்பரங்கள்மீது நேரடியாக நடவடிக்கை எடுக்க வழி பிறந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. 1960களில் பல வண்ண மாத்திரைகளில் தைராய்டு ஹார்மோனையும் ஊக்க மருந்துகளையும் சேர்த்து மெலிவதற்கென்று கொடுத்தார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1968இல் அமெரிக்க செனட் சபை இது பற்றி விசாரணை நடத்தியது. எடைக் குறைப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அங்கு இம்மருந்துடன் இன்றும் வருகிறது.

இன்று நாம் அறிய வேண்டியது

இப்போது ஆடு தேவையில்லை. 1914இல் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸின் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாக உருவாக்கினர். இன்றைய லெவோதைராக்ஸின் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான்.

சுரப்புக் குறைவால் மட்டும் கூடும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோதான். அதிலும் உப்பும் நீருமே அதிகம். மாத்திரையின் வேலை குறைந்ததை ஈடு செய்வது. அளவு சரியாக அமைந்த பிறகு, எடையைக் குறைக்கும் வழி மற்றவர்களுக்கு உள்ளதே இவர்களுக்கும்: அளவான சோறு, போதிய புரதம், காய்கறி, நடை, தசைக்கான பயிற்சி, நல்ல தூக்கம். பலன் மெதுவாக வரும். ஆனால் வரும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். எழுந்தவுடன் கோப்பியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. அளவு மாற்றப்பட்டால் 6 முதல் 8 வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். "எடை இறங்கலையே" என்று நாமே அளவைக் கூட்டக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

மாணவர் கவனத்திற்கு

வரலாற்றுக் கட்டுரையில் காரணத்தையும் விளைவையும் எழுதும்போது ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: ஒன்றன்பின் ஒன்று நடந்ததால் மட்டும், முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடுமா? மர்ரியின் நோயாளி மெலிந்தார், உண்மைதான். எது மெலிந்தது என்று கேட்காததால் பலர் பாதிக்கப்பட்டார்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் சோர்ந்து, பருமனாகி வரும் பிள்ளையைக் கண்டால் "சோம்பேறி" என்ற சொல் வாயில் வருமுன் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஓர் இரத்தப் பரிசோதனையாகவும் இருக்கலாம்.