பல் நிறப் பொருத்தம்

பல் நிறப் பொருத்தம் என்பது சீரமைப்புப் பல் மருத்துவத்தில் செயற்கைப் பல்லுறை, பல் பாலம், பல் அடைப்பு முதலியவற்றின் நிறத்தை நோயாளியின் இயற்கைப் பற்களின் நிறத்தோடு ஒத்திருக்குமாறு தெரிவு செய்யும் முறையாகும். முன்பற்களில் சிறு வேறுபாடும் சிரிக்கும்போது புலப்படும். சுட்டு முடித்த பீங்கான் உறையின் நிறத்தை மேற்பூச்சினால் ஓரளவே திருத்த இயலும். வேறுபாடு மிகுந்தால் உறையைப் புதிதாகச் செய்ய நேரிடும்.

நிறத்தின் கூறுகள்

ஆல்பர்ட் மன்செல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறையின்படி நிறம் மூன்று கூறுகளைக் கொண்டது. அவை சாயல் (மஞ்சள், சிவப்பு போன்றவை), வெளிர்மை (வெளிறியதா, இருண்டதா என்பது), செறிவு (சாயலின் அடர்த்தி) என்பனவாகும். பற்களைப் பொறுத்தவரை வெளிர்மையில் ஏற்படும் பிழையே கண்ணுக்கு எளிதில் தென்படும்.

பல்லின் நிறம் பெரும்பாலும் உள்ளிருக்கும் டென்டைனிலிருந்து வருகிறது. அதனை மூடியுள்ள எனாமல் ஒளி கசியும் தன்மையுடையது. எனாமல் மெல்லியதாக உள்ள ஈறோரப் பகுதி கூடுதல் மஞ்சளாகவும், டென்டைன் இல்லாத வெட்டு முனை ஒளி ஊடுருவுவதாகவும் தோன்றும். எனவே ஒரே பல்லில்கூட நிறம் சீராக இருப்பதில்லை.

நிற வழிகாட்டிகள்

செருமனியின் விட்டா நிறுவனத்தின் 'கிளாசிக்கல்' வழிகாட்டி பரவலாகப் பயன்படுகிறது. இதில் ஏ1 முதல் டி4 வரை 16 மாதிரிப் பற்கள் உள்ளன. ஏ பிரிவு செம்பழுப்பு, பி பிரிவு செம்மஞ்சள், சி பிரிவு சாம்பல், டி பிரிவு செஞ்சாம்பல் சாயல் கொண்டவை. இந்நிறுவனம் 1998இல் வெளியிட்ட '3டி மாஸ்டர்' வழிகாட்டியில் முதலில் வெளிர்மையும், பின்னர் செறிவும், இறுதியில் சாயலும் தெரிவு செய்யப்படுகின்றன.

செய்முறை

- பல்லைச் செதுக்குவதற்கு முன்பே நிறம் பார்க்கப்படும். ஈரம் உலர்ந்த பல் இயல்பைவிட வெளிறித் தோன்றுவதே இதற்குக் காரணம்.
- பற்களின் கறை நீக்கப்படும். உதட்டுச் சாயம் துடைக்கப்படும்.
- பகலொளி அல்லது அதற்கு இணையான விளக்கொளி பயன்படுத்தப்படும்.
- மாதிரி சில நொடிகளே உற்றுநோக்கப்படும். நீண்ட நேரம் பார்த்தால் கண் சோர்ந்து, வேறுபாட்டை உணரும் திறன் குறையும். இடையிடையே சாம்பல் நிறப் பரப்பைப் பார்ப்பது கண்ணுக்கு ஓய்வளிக்கும்.

பிழைக்கான காரணங்கள்

ஓர் ஒளியில் ஒத்துத் தோன்றும் இரு பொருட்கள் வேறோர் ஒளியில் வேறுபட்டுத் தோன்றுவது மெட்டமெரிசம் எனப்படும். மருத்துவமனை விளக்கில் பொருந்திய உறை வெயிலில் தனித்துத் தெரிவது இதனாலேயே. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட ஒளிகளில் ஒப்பிடுவது நன்று. பார்ப்பவரின் நிறப்பார்வைக் குறைபாடும் மற்றொரு காரணமாகும். ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இக்குறைபாடு உள்ளது.

கருவிகள்

நிறமாலை ஒளிமானி பல்லில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து நிறத்தை எண்களாகத் தருகிறது. இவ்வெண்கள் 1976இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் பரிந்துரைத்த நிறவெளியில் குறிக்கப்படுகின்றன. எனினும் ஒளி கசிவு, மேற்பரப்பின் நுண்கோடுகள் ஆகியவற்றை ஆய்வகத்திற்குத் தெரிவிக்க, மாதிரிப் பல்லை அருகில் வைத்து எடுத்த ஒளிப்படமும் உடன் அனுப்பப்படுகிறது.