நினைவு நுரை மெத்தை

நினைவு நுரை மெத்தை என்பது, உடலின் எடைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மெதுவாக அமிழ்ந்து, எடை நீங்கியபின் மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் ஒருவகைப் பாலியூரித்தேன் நுரையை மேலடுக்காகக் கொண்ட மெத்தை ஆகும். மெமரி ஃபோம் மெத்தை என்ற பெயரே கடைகளில் பரவலாக வழங்குகின்றது. 1966 ஆம் ஆண்டில் வானூர்தி இருக்கைகளுக்காக உருவாக்கப்பட்ட இந்த நுரை, 1990களின் தொடக்கத்தில் வீட்டு மெத்தைகளில் பயன்பாட்டுக்கு வந்தது. பஞ்சு, தென்னைநார், சுருள்வில் மெத்தைகளில் உறங்குவோர் பலர், முதுகு வலி அல்லது உறக்கக் குறைவு காரணமாக இதற்கு மாறுவது குறித்து எண்ணுகின்றனர். இதன் சிறப்பாகக் கூறப்படும் இயல்பே இதன் குறைகளுக்கும் காரணமாக இருப்பதால், இது எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை.

பெயர்

இப்பெயரில் உள்ள "நினைவு" என்னும் சொல், நுரை தன்னுடைய தொடக்க வடிவத்துக்குத் திரும்புவதையே குறிக்கின்றது. படுப்பவரின் உடல் வடிவத்தை மெத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றது என்பது பரவலாக உள்ள ஒரு தவறான கருத்தாகும். நல்ல நிலையில் உள்ள நுரை, படுத்தவர் எழுந்த சிறிது நேரத்தில் முழுவதுமாக நிமிர்ந்துவிடும். பள்ளம் நிலையாகத் தங்கிவிட்டால் நுரை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

பாகு போல மெதுவாக இளகும் தன்மையும், ரப்பர் போல மீளும் தன்மையும் ஒருங்கே கொண்டிருப்பதால், பொறியியலில் இது பாகுமீள் நுரை எனவும் குறிப்பிடப்படுகின்றது.

வரலாறு

அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் கலிபோர்னியாவில் உள்ள ஏம்சு ஆய்வு மையத்துக்காக, வானூர்தி இருக்கைகளின் பாதுகாப்பை மேம்படுத்தும் ஒப்பந்தப் பணியில் இந்த நுரை 1966 இல் உருவானது. இப்பணியில் பொறியாளர் சார்லசு யோசுட்டு முதன்மைப் பங்கு வகித்தார். மோதலின்போது அதிர்ச்சியை உள்வாங்குவதும், நீண்ட பயணங்களில் அமர்ந்திருப்போரின் உடல் அழுத்தத்தைப் பரப்புவதும் இதன் நோக்கங்களாக இருந்தன. தொடக்கத்தில் இது டெம்பர் ஃபோம் என அழைக்கப்பட்டது.

விண்வெளி வீரர்கள் உறங்குவதற்காகவே இந்த நுரை உருவாக்கப்பட்டது என்ற கருத்து விளம்பரங்களில் காணப்படுவதுண்டு. இது சரியன்று. புவியைச் சுற்றிவரும் விண்கலத்தில் உடலுக்கு எடை உணரப்படுவதில்லை என்பதால், அங்கே எந்த மெத்தையும் அமிழ்வதற்கு வழியில்லை.

1970களில் டல்லசு கவ்பாய்சு என்னும் அமெரிக்கக் கால்பந்தாட்ட அணியின் தலைக்கவசங்களில் இந்த நுரை பயன்படுத்தப்பட்டது. மருத்துவத் துறையில் படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளுக்கான விரிப்புகளிலும், சக்கர நாற்காலி இருக்கைகளிலும் இடம்பெற்றது. 1980களில் நாசா இத்தொழில்நுட்பத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டபின், சுவீடனின் ஃபாகர்டாலா நிறுவனம் இதனை மேம்படுத்தி 1991 இல் மெத்தையாக வெளியிட்டது. 1992 இல் டெம்பர்-பெடிக் நிறுவனம் அமெரிக்காவில் இதன் விற்பனையைத் தொடங்கியது.

2010களில், மெத்தையை அழுத்திச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து, இணையவழியே விற்கும் முறை பரவியது. அமெரிக்காவில் 2014 இல் தொடங்கப்பட்ட காசுபர், இந்தியாவில் 2016 இல் தொடங்கப்பட்ட வேக்ஃபிட் ஆகியவை இவ்வகை நிறுவனங்களுக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

இயங்குமுறை

பாலியால், ஐசோசயனேட்டு ஆகிய இருவகைச் சேர்மங்கள் வினைபுரிந்து பாலியூரித்தேன் உருவாகின்றது. கலவையில் உள்ள நீர் ஐசோசயனேட்டுடன் வினைபுரியும்போது கார்பன் டை ஆக்சைடு வளிமம் வெளிப்பட்டு, நுரையின் கண்ணறைகளை உண்டாக்குகின்றது.

ஒவ்வொரு பலபடிப் பொருளும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைப் பகுதிக்குக் கீழே கண்ணாடி போல விறைப்பாகவும், அதற்கு மேலே ரப்பர் போல நெகிழ்வாகவும் இருக்கும். இது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை எனப்படும். சாதாரண மெத்தை நுரையில் இது அறை வெப்பநிலையைவிட மிகக் குறைவாக இருப்பதால், அந்நுரை எப்போதும் நெகிழ்வாகவே இருக்கும். நினைவு நுரையிலோ இது அறை வெப்பநிலைக்கு அருகில் அமையுமாறு வேதிக் கலவை மாற்றப்படுகின்றது. எனவே உடலின் சூடு பட்ட இடத்தில் நுரை இளகுகின்றது; சூடு படாத இடத்தில் சற்று விறைப்பாக இருக்கின்றது. மூலக்கூற்றுச் சங்கிலிகள் நகர்வதற்கு நேரம் எடுப்பதாலும், நுண்ணிய துளைகள் வழியே காற்று மெதுவாக வெளியேறி மீண்டும் நுழைவதாலும் நுரை தாமதமாக மீள்கின்றது.

இதனை ஓர் எளிய சோதனையால் அறியலாம். எஃகுக் குண்டு ஒன்றைச் சாதாரண நுரையின் மீது விழச்செய்தால், விழுந்த உயரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை அது துள்ளி எழும். நினைவு நுரையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எழும். மீதி ஆற்றல் நுரைக்குள் வெப்பமாக மாறிவிடுகின்றது. ஒரே படுக்கையில் ஒருவர் புரளும்போது மற்றவர் அசைவை அவ்வளவாக உணராததற்கும் இதுவே காரணமாகும்.

அழுத்தப் பரவல்

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல் மெத்தையின் மீது ஏறத்தாழ 590 நியூட்டன் விசையைச் செலுத்துகின்றது. உடல் மெத்தையைத் தொடும் பரப்பு 0.2 சதுர மீட்டர் எனக் கொண்டால், சராசரி அழுத்தம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரசம் ஆகும். தொடும் பரப்பு 0.3 சதுர மீட்டராக உயர்ந்தால் அது ஏறத்தாழ 15 ஆகக் குறையும். நடைமுறையில் அழுத்தம் சீராக இருப்பதில்லை. தோள், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் மிகுந்திருக்கும். நுரை உடலின் வளைவுகளை ஒட்டி அமிழ்வதால் இவ்விடங்களின் சுமை பிற பகுதிகளுக்கும் பகிரப்படுகின்றது.

தரத்தை அறிய உதவும் அளவீடுகள்

- அடர்த்தி: ஒரு கன மீட்டர் நுரையின் எடை. நினைவு நுரைகள் பொதுவாக 40 முதல் 85 கிலோகிராம் வரையிலான அடர்த்தி கொண்டவை. அடர்த்தி மிகுந்தவை பொதுவாக நீண்டநாள் உழைக்கும். ஆனால் விலையும் எடையும் கூடுதலாக இருக்கும்.
- கடினத்தன்மை: நுரையைக் குறிப்பிட்ட அளவு, பெரும்பாலும் அதன் தடிப்பில் 25 விழுக்காடு, அமிழ்த்தத் தேவையான விசை. அடர்த்தியும் கடினத்தன்மையும் வெவ்வேறானவை. அடர்த்தி மிகுந்த நுரை மென்மையாகவும் இருக்கக்கூடும்.
- அடுக்கின் தடிப்பு: இவ்வகை மெத்தைகளில் அடிப்பகுதி பெரும்பாலும் சாதாரண நுரையே ஆகும். அதன் மேல் 5 முதல் 10 செ.மீ. வரை நினைவு நுரை இருக்கும். விலை குறைந்தவற்றில் இது 2 அல்லது 3 செ.மீ. மட்டுமே இருப்பதுண்டு.

எனவே "25 செ.மீ. நினைவு நுரை மெத்தை" என்னும் விளம்பரம் மெத்தையின் மொத்த உயரத்தை மட்டுமே தெரிவிக்கக்கூடும். நினைவு நுரை அடுக்கின் தடிப்பும் அதன் அடர்த்தியும் தெரியாமல் இரு மெத்தைகளின் விலையை ஒப்பிட இயலாது. எடுத்துக்காட்டாக, 190 செ.மீ. நீளமும் 150 செ.மீ. அகலமும் 5 செ.மீ. தடிப்பும் உள்ள ஓர் அடுக்கு, அடர்த்தி 50 ஆக இருந்தால் ஏறத்தாழ 7 கிலோகிராமும், 80 ஆக இருந்தால் ஏறத்தாழ 11 கிலோகிராமும் எடையிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

உடல்நலமும் ஆய்வுகளும்

முதுகு வலி உள்ளவர்கள் கட்டாந்தரையிலோ கடினமான படுக்கையிலோ படுக்கவேண்டும் என்ற அறிவுரை நெடுங்காலமாக உள்ளது. எசுப்பானியாவில், நாட்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2003 இல் லான்செட் இதழில் வெளியானது. 90 நாட்களுக்குப் பின், கடின மெத்தையில் படுத்தோரைவிட நடுத்தரக் கடினத்தன்மை கொண்ட மெத்தையில் படுத்தோர் வலியிலும் அன்றாட இயக்கத்திலும் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். இந்த ஆய்வு கடினத்தன்மையை ஒப்பிட்டதேயன்றி, நினைவு நுரையைத் தனியே சோதிக்கவில்லை.

டென்மார்க்கில் 160 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான மற்றோர் ஆய்வு, நீர் மெத்தை, உடலை ஒட்டி அமிழும் நுரை மெத்தை, கடின மெத்தை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. முதல் இரண்டும் கடின மெத்தையைவிட நன்மை பயத்தன. எனினும் வேறுபாடுகள் சிறியனவாகவே இருந்தன. எனவே நினைவு நுரை முதுகு வலியைக் குணப்படுத்தும் என்று கூறுவதற்கு இவ்வாய்வுகள் போதா. காலில் மரத்துப்போதல், வலுவிழத்தல் போன்ற அறிகுறிகளுடன் கூடிய முதுகு வலிக்கு மருத்துவ ஆய்வே தேவை.

படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளுக்குப் படுக்கைப் புண் வராமல் தடுப்பதில் மெத்தைக்குப் பங்கு உண்டு. புண் வரும் வாய்ப்பு மிகுந்த பெரியவர்களுக்கு உயர்தர நுரை மெத்தைகளைப் பயன்படுத்துமாறு பிரித்தானியாவின் நைசு அமைப்பு 2014 இல் பரிந்துரைத்தது. ஆயினும் நோயாளியை உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்கவைப்பதற்கு எந்த மெத்தையும் மாற்றாகாது.

கைக்குழந்தைகளுக்கு இம்மெத்தை ஏற்றதன்று. மென்மையான பரப்பில் குழந்தையின் முகம் புதைந்து மூச்சுத்திணறல் ஏற்படக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022 இல் வெளியிட்ட பரிந்துரை, குழந்தைகளை உறுதியான, சமதளமான பரப்பில் மல்லாந்து படுக்கவைக்குமாறு வலியுறுத்துவதுடன், நினைவு நுரை மெத்தைகளால் ஏற்படும் தீங்கையும் குறிப்பிடுகின்றது. தாயும் குழந்தையும் ஒரே படுக்கையில் உறங்கும் வழக்கமுள்ள வீடுகளில் இது முதன்மையாகக் கருதத்தக்கது.

வெப்பமும் காலநிலையும்

நுரை உடலை நெருக்கமாக ஒட்டிக்கொள்வதால் உடலைச் சுற்றிக் காற்றோட்டம் குறைந்து, வெப்பமும் வியர்வையும் தேங்குகின்றன. ஜெல், கிராஃபைட்டு ஆகியவை கலந்த நுரைகள் தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும். எனினும் ஜெல் உடலின் சூட்டை எட்டிய பின்னர் அக்குளிர்ச்சி குறைந்துவிடுகின்றது.

நுரையின் கடினத்தன்மையும் வெப்பநிலையைப் பொறுத்தது. குளிரூட்டப்பட்ட கடையில் உறுதியாகத் தோன்றிய மெத்தை, மே மாதச் சென்னையில் குளிரூட்டி இல்லாத அறையில் கூடுதலாக இளகி அமிழும். அதே மெத்தை உதகமண்டலத்தின் குளிர்கால இரவில் படுத்தவுடன் விறைப்பாகவும், சிறிது நேரம் கழிந்தபின் மென்மையாகவும் இருக்கும்.

பராமரிப்பு

இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் உலர்த்துவதும், கட்டிதட்டிய பஞ்சை எடுத்துக் கொட்டி மீண்டும் அடைப்பதும் தமிழ்நாட்டில் வழக்கம். நினைவு நுரைக்கு இம்முறை பொருந்தாது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் பாலியூரித்தேனை மஞ்சளாக்கிச் சிதைக்கின்றன. நுரையை நீரில் துவைக்கவும் இயலாது. கழற்றித் துவைக்கக்கூடிய உறையும், நிழலான இடத்தில் காற்றோட்டமும் போதுமானவை. கயிற்றுக் கட்டில் போன்று தொய்யும் அடித்தளத்தில் இம்மெத்தையும் சேர்ந்து வளையும் என்பதால், சமமான பலகைத் தளம் தேவை.

மணமும் தீப்பாதுகாப்பும்

புதிய மெத்தையைப் பிரிக்கும்போது எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களால் ஒருவகை மணம் வெளிப்படும். காற்றோட்டமான அறையில் வைத்தால் இது பொதுவாகச் சில நாட்களில் குறையும். ஐசோசயனேட்டுகள் ஆத்துமாவை உண்டாக்கக்கூடியவை. எனினும் அவற்றால் ஏற்படும் தீங்கு முதன்மையாக ஆலைத் தொழிலாளர்களுக்கே உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இவற்றைக் கையாளும் தொழிலாளர்களுக்கு 2023 ஆகத்து முதல் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது.

பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடு, ஐதரசன் சயனைடு ஆகிய நச்சு வளிமங்கள் வெளிப்படுகின்றன. எனவே படுக்கையில் புகைபிடித்தலும், அருகில் கொசுவர்த்திச் சுருள், விளக்கு ஆகியவற்றை வைத்தலும் தீங்கானவை.

மாறுவதற்கு முன் கருதத்தக்கவை

- இப்போதைய மெத்தை தொய்யாமல் இருந்து, காலையில் வலியின்றி எழ முடிந்தால் மாறவேண்டிய தேவை இல்லை.
- ஒருக்களித்துப் படுப்போருக்குத் தோளிலும் இடுப்பிலும் அழுத்தம் குறைவதால் இந்த நுரை பெரும்பாலும் பொருந்துகின்றது. குப்புறப் படுப்போருக்கு இடுப்பு அமிழ்ந்து முதுகு வளையக்கூடும்.
- எடை மிகுந்தோர் அடர்த்தி குறைந்த நுரையில் அடித்தளம் வரை அமிழ்ந்துவிடுவர்.
- புரள்வதற்கோ எழுவதற்கோ சிரமப்படும் முதியோருக்கு, மெதுவாக மீளும் நுரை கூடுதல் தடையாகலாம்.
- குளிரூட்டி இல்லாத, வெப்பமான அறைகளில் தென்னைநார், பஞ்சு, சுருள்வில் மெத்தைகளில் காற்றோட்டம் கூடுதலாக இருக்கும்.
- 5 செ.மீ. தடிப்புள்ள நினைவு நுரை மேல்விரிப்பை, தொய்யாத பழைய மெத்தையின் மீது இட்டுப் பார்ப்பது குறைந்த செலவில் செய்யத்தக்க சோதனையாகும்.
- கடையில் சில நிமிடங்கள் படுத்துப் பார்ப்பது போதாது. பல நிறுவனங்கள் 100 இரவுகள் வரை முயன்று பார்த்துத் திருப்பித்தர வாய்ப்பளிக்கின்றன. திருப்பியனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதை முன்பே அறிதல் வேண்டும்.
- எத்தனை செ.மீ. பள்ளம் விழுந்தால் குறையாக ஏற்கப்படும் என்பதை உத்தரவாதப் பத்திரம் குறிப்பிடும். அதற்குக் குறைவான தொய்வுக்கு, உத்தரவாதம் 10 ஆண்டுகளுக்கு இருந்தாலும் மாற்று மெத்தை கிடைக்காது.